செய்தவருக்கு வரவு எங்கிருந்து?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு அம்மாவும் நானும் நலம். உன் நலமறிய ஆவல்.

செலவுக் கணக்கு எழுத நல்ல செயலி ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். நீ கணக்கு எழுதத் தொடங்குகிறாய் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். பெயரை மட்டும் ஒரு வரியில் அனுப்பியிருக்கலாம். ஆனால் இன்று நன்றாக இருக்கும் செயலியை நாளைக்கு இன்னொரு நிறுவனம் விலைக்கு வாங்கி ஆளே தெரியாமல் மாற்றிவிடலாம். அடுத்த மாதம் உனக்கு வேறு எதற்காவது வேறொரு செயலி தேவைப்படும். அதனால் எப்படித் தேடிப் பிடிப்பது என்பதையே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுமையாகப் படி.

நான் காலமெல்லாம் அடுத்தவர் கணக்குகளைச் சரிபார்த்துப் பிழைத்தவன். எந்தப் பேரேட்டைத் திறந்தாலும் என் கண் முதலில் வரவுப் பக்கம்தான் போகும். செலவுக்கு யாரும் எப்படியாவது ஒரு விளக்கம் சொல்லிவிடுவார்கள். பணம் எந்த வழியில் உள்ளே வருகிறது என்று பார்த்தால்தான் அந்த நிறுவனத்தின் குணம் பிடிபடும். பிளே ஸ்டோருக்குள்ளோ ஆப் ஸ்டோருக்குள்ளோ போகும்போதும் அதே கேள்வியைக் கையில் வைத்துக்கொள். இந்தச் செயலியைச் செய்தவருக்கு வரவு எங்கிருந்து? இதற்கு விடை கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

2008 ஜூலையில் ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரைத் திறந்தபோது அதில் சுமார் 500 செயலிகள்தான் இருந்தன. உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒருவர் பார்த்துவிட முடியும். அதே ஆண்டு அக்டோபரில் ஆண்ட்ராய்ட் மார்க்கெட் வந்தது. 2012இல் அதற்குக் கூகுள் பிளே என்று பெயர் மாறியது. இன்றைக்கு அங்கே குவிந்திருப்பவை பல லட்சம். யாராலும் முழுவதும் பார்க்க முடியாது. கடை எதைக் காட்டுகிறதோ அதைத்தான் பார்க்கிறோம். கடைக்கும் வரவு உண்டு என்பதை மறக்காதே. செயலிக்குள் நாம் கட்டும் பணத்தில் ஒரு பங்கு கடைக்குப் போகும். நெடுங்காலம் அது வழக்கமாக 30 சதவீதமாக இருந்தது. 2021இல் சிறு நிறுவனங்களுக்கு அதை 15 சதவீதமாகக் குறைத்தார்கள். இதுபோக, தேடல் முடிவுகளில் மேலே நிற்கும் இடமும் விற்பனைக்கு உண்டு. ஆப்பிள் 2016இல் தேடலுக்குள் விளம்பரத்தைக் கொண்டுவந்தது. பிளே ஸ்டோரிலும் அப்படித்தான். நீ ஒரு பெயரைத் தட்டித் தேடினால் முதலில் வருவது நீ தேடியதாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் விளம்பரம் என்று இருக்கிறதா என்று பார். இருந்தால் அதைத் தாண்டிக் கீழே போ.

தேடுவதற்கு முன்னால் ஒன்று செய். வேண்டியது போனிலேயே இருக்கிறதா என்று பார். டார்ச், கியூஆர் கோடு படிப்பது, காகிதத்தை ஸ்கேன் செய்வது, குரல் பதிவு, கால்குலேட்டர் இவற்றுக்கெல்லாம் இப்போது பெரும்பாலும் தனியாக எதுவும் தேவையில்லை.

டார்ச் என்றதும் ஒரு வழக்கு நினைவுக்கு வருகிறது. பிரைட்டெஸ்ட் ஃபிளாஷ்லைட் என்று ஓர் ஆண்ட்ராய்ட் செயலி இருந்தது. இலவசம். கோடிக்கணக்கான முறை டவுன்லோடு ஆனது. 2013 டிசம்பரில் நுகர்வோரைக் காக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் அதன் மேல் நடவடிக்கை எடுத்தது. விளக்கை எரிய வைக்கும் அந்தச் செயலி, போன் இருக்கும் இடத்தையும் அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணையும் விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது என்பது குற்றச்சாட்டு. நிபந்தனைகளை ஏற்கிறீர்களா என்று அது திரையில் கேட்கும். நாம் பதில் சொல்வதற்கு முன்னாலேயே தகவல் கிளம்பிப் போயிருக்கும். டார்ச்சுக்கு நாம் இருக்கும் இடம் எதற்கு? அதைச் செய்தவருக்கு எங்கிருந்து வருமானம் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் அங்கேயே நின்றிருப்பார்கள்.

இலவசமாக இருப்பதெல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. உன் வங்கியின் செயலி இலவசம், அதற்குச் செலவழிப்பது வங்கி. எஃப்-டிராய்ட் என்று ஒரு களஞ்சியம் 2010இலிருந்து இருக்கிறது. மூல நிரல், அதாவது செயலி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பது, யாரும் படிக்கும்படி திறந்து வைக்கப்பட்ட செயலிகள் மட்டுமே அங்கே உண்டு. பலவற்றை ஆர்வத்தால் எழுதி, நன்கொடையில் ஓட்டுகிறார்கள். விளம்பரமோ வேவு பார்க்கும் நிரலோ எதிலாவது இருந்தால் அந்தப் பக்கத்திலேயே எச்சரிக்கை போட்டுவிடுகிறார்கள். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆகவே இலவசம் என்பது பிரச்சினை இல்லை. யார் செலவில் இலவசம் என்பது தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

சரி, ஒரு செயலியின் பக்கத்தைத் திறந்துவிட்டாய் என்று வைத்துக்கொள். படங்களைப் பார்க்காதே. அவை அழகாகத்தான் இருக்கும். பெயருக்குக் கீழே வேறு நிறத்தில் ஒரு வரி இருக்கும், அது செய்தவரின் பெயர். அதைத் தட்டு. அவர் இதுவரை வெளியிட்ட எல்லாம் வரிசையாக வரும். ஒருவர் ஒரே வேலையைப் பல வருடமாகச் செம்மையாகச் செய்திருந்தால் அது தெரியும். ஒரே பெயரில் ஜாதகம், வால்பேப்பர், கிளீனர், விபிஎன், எடை குறைப்பு என்று இருபது முப்பது கிடந்தால் அதுவும் தெரியும். அங்கே நிற்க வேண்டாம், வெளியே வந்துவிடு.

பெயரையும் உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2017 நவம்பரில் வாட்ஸ்அப்பின் பெயரைப் போட்டு ஒரு போலி பிளே ஸ்டோருக்குள்ளேயே வந்துவிட்டது. செய்தவர் பெயரிலும் உண்மையான நிறுவனத்தின் பெயரே இருந்தது, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெற்றிடம் மட்டும் கூடுதல். நீக்குவதற்குள் பத்து லட்சம் முறைக்கு மேல் இறங்கிவிட்டது. இவ்வளவு நுட்பமாக ஏமாற்றினால் சாதாரண மனிதர்கள் என்ன செய்ய முடியும் என்று எனக்குக் கோபமே வந்தது. வங்கி, அரசு, பணம் சம்பந்தப்பட்ட எதையும் கடையில் தேடி எடுக்காதே. அந்த நிறுவனத்தின் வெப்சைட்டுக்குப் போய் அங்கே இருக்கும் லிங்க்கைத் தட்டிக் கடைக்கு வா. மெசேஜில் யாராவது ஏபிகே ஃபைல், அதாவது கடைக்கு வெளியே ஆண்ட்ராய்ட் செயலியை நேரடியாக இன்ஸ்டால் செய்யும் ஃபைல், அனுப்பினால், தெரிந்தவர்கள் அனுப்பினாலும், திறக்காதே. அவர்களுடைய போனே பிறர் கையில் இருக்கக்கூடும்.

செய்தவர் பெயருக்கு அருகிலேயே விளம்பரம் உண்டு, உள்ளே வாங்க வேண்டியவை உண்டு என்ற குறிப்புகளும் இருக்கும். நான் தேடும் வரவுக் கணக்கு அதுதான். செயலியைப் பற்றிய விவரம் என்ற பகுதியைத் திறந்து கடைசிவரை கீழே போனால், உள்ளே வாங்கும் பொருள்களின் விலை எதிலிருந்து எதுவரை என்றும் போட்டிருக்கும். முதலில் வெளியான தேதி, கடைசியாக அப்டேட் ஆன தேதி எல்லாம் அங்கேதான். இரண்டு வருடமாக யாரும் தொடாத செயலியில் உன் கணக்கை எழுதி வைக்காதே.

நட்சத்திரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். சில செயலிகள் உள்ளேயே பிடித்திருக்கிறதா என்று கேட்கும். பிடித்திருக்கிறது என்றவர்களை மட்டும் கடைக்கு அனுப்பி நட்சத்திரம் போட வைக்கும், இல்லை என்றவர்களைத் தன்னிடமே எழுதச் சொல்லும். ஆகவே சராசரியை வைத்து முடிவெடுக்காதே. விமர்சனங்களைப் புதியது முதலில் என்று அடுக்கிவிட்டு, மூன்று நட்சத்திரம் போட்டவர்களைப் படி. ஐந்து போட்டவர் சூப்பர் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார், ஒன்று போட்டவர் கோபத்தில் இருப்பார். மூன்று போட்டவர்தான் உட்கார்ந்து பயன்படுத்திவிட்டு, இது நன்றாக இருக்கிறது, இது வேலை செய்யவில்லை என்று பிரித்து எழுதுவார். செய்தவர் கீழே என்ன பதில் போட்டிருக்கிறார் என்றும் கவனி. மாதக் கடைசியில் கூட்டுத்தொகை தப்பாக வருகிறது என்று ஒருவர் எழுத, அதே குறை தீர்ந்ததாக அடுத்த அப்டேட்டின் குறிப்பில் ஒரு வரி வந்தால், அந்த மனிதரை நம்பலாம். எல்லோருக்கும் ஒரே மன்னிப்பு வாசகத்தை ஒட்டிக்கொண்டே போகிறவர்களும் இருக்கிறார்கள்.

டேட்டா பாதுகாப்பு என்ற பகுதியை பிளே ஸ்டோர் 2022இல் கொண்டுவந்தது. ஆப்பிள் அதற்கு முன்பே, 2020 டிசம்பரில், இதே மாதிரி ஒன்றைப் போட்டது. கட்டாயம் படி. ஆனால் அதை எழுதித் தருவது செய்தவரேதான். அவர் தரப்பு வாக்குமூலம் என்று எடுத்துக்கொள். இன்ஸ்டால் செய்த பிறகு அது என்னென்ன அனுமதி கேட்கிறது என்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும். 2015இல் வந்த ஆண்ட்ராய்ட் 6க்கு முன்னால் மொத்தமாகச் சம்மதித்தால்தான் உள்ளே விடுவார்கள். இப்போது ஒவ்வொன்றாக மறுக்கலாம், இந்த ஒரு முறை மட்டும் என்றும் தரலாம். தயங்காமல் மறுத்துப் பழகு. உண்மையிலேயே தேவையென்றால் அது திரும்பக் கேட்கும்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். செலவுக் கணக்குச் செயலிகள் பலவும் உன் எஸ்எம்எஸ்ஸைப் படிக்க அனுமதி கேட்கும். வங்கியிலிருந்து வரும் செய்தியைப் பார்த்துத் தானே எழுதிக்கொள்கிறோம் என்பார்கள். எஸ்எம்எஸ்ஸையும் அழைப்புப் பட்டியலையும் கண்ட கண்ட செயலிகள் படிக்கக் கூடாது என்று கூகுள் 2019இல் கறாராக்கியது. இந்த வகைப் பணச் செயலிகள் உள்பட சிலவற்றுக்கு விதிவிலக்கு விட்டார்கள். கடையின் விதிப்படி சரிதான். ஆனால் ஓடிபி வருவதும் அதே பெட்டிக்குத்தான். உன் சம்பளம், உன் கடன், நீ எங்கே என்ன வாங்கினாய் என்ற முழு விவரமும் அங்கே இருக்கிறது. அதைப் படிக்கும் செயலி இலவசமாகவும் இருந்து, உள்ளே கடன் வேண்டுமா, கார்டு வேண்டுமா என்றும் கேட்டால், வரவு எங்கிருந்து என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நீயே கையால் எழுது. எழுதும்போதுதான் செலவு மனதில் ஏறும்.

இன்னொன்று, டிரையல். செயலியைத் திறந்ததும் ஒரு திரை வரும். நடுவில் பெரிய பொத்தானில் மூன்று நாள் இலவசம் என்றிருக்கும். அதன் கீழே வெளிர் சாம்பல் நிறத்தில், கண்ணை இடுக்கினால்தான் தெரியும்படி, அதற்குப் பிறகு வாரந்தோறும் இவ்வளவு என்றிருக்கும். மாதம் என்று நினைத்து வாரக் கட்டணத்துக்குச் சம்மதித்தவர்கள் எத்தனையோ பேர். மூடுவதற்கான பெருக்கல் குறி மூலையில் மங்கலாக, சில சமயம் சில நொடி கழித்துத்தான் தோன்றும். இப்படித் திரை அமைக்கிறவர்களுக்கு வரவே நம் கவனக்குறைவிலிருந்துதான். செயலியை நீக்கிவிட்டால் கட்டணம் நின்றுவிடும் என்று நினைக்காதே, நிற்காது. சப்ஸ்கிரிப்ஷனைத் தனியாக ரத்து செய்ய வேண்டும். பிளே ஸ்டோரில் உன் படத்தைத் தட்டினால் பணம் செலுத்துதல், சப்ஸ்கிரிப்ஷன் என்ற பகுதி வரும். ஐபோனில் செட்டிங்ஸில் உன் பெயரைத் தட்டினால் அதே பட்டியல். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் அதை ஒரு முறை திறந்து பார்த்துவிடு, சரியா?

என் மனதுக்குப் பிடித்த வழி, ஒரே முறை பணம் கொடுத்து வாங்குவது. யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று தெளிவாக முடிந்துவிடும். பிளே ஸ்டோரில் வாங்கி 48 மணி நேரத்துக்குள் கேட்டால் பெரும்பாலும் பணத்தைத் திருப்பித் தருவார்கள். அதற்குள் நன்றாகப் போட்டுப் பார்த்துவிடலாம்.

கணக்குச் செயலியில் நான் பார்ப்பது இவ்வளவுதான். நெட் இல்லாமல் வேலை செய்ய வேண்டும். பெயர், இமெயில் கொடுத்துப் பதிவு செய்யாமலே எழுத விட வேண்டும். எழுதியதை எக்செலிலோ, எந்தக் கணக்கு மென்பொருளிலும் திறக்கக்கூடிய எளிய சிஎஸ்வி ஃபைலிலோ வெளியே எடுக்க முடிய வேண்டும், அதைக் காசில்லாமல் செய்ய விட்டால் இன்னும் நல்லது. முதல் வாரமே நாலு வரி எழுதி, வெளியே எடுத்து, கம்ப்யூட்டரில் திறந்து பார். தேதியும் தொகையும் தப்பில்லாமல் வந்தால் மேற்கொண்டு எழுது. இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், இரண்டு வருடக் கணக்கு உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுத்ததும் அவற்றின் லிங்க்கை எனக்கு அனுப்பு. செய்தவர்களின் பக்கத்தையும் விமர்சனங்களையும் நானும் உட்கார்ந்து படித்துவிட்டு எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். முடிவு உன்னுடையது. கணக்கைக் காட்டு என்று மட்டும் ஒரு நாளும் கேட்க மாட்டேன், அது உன் சம்பாத்தியம்.

அம்மா ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடுவாய் என்று காத்திருப்பாள்.

அன்புடன்,
அப்பா