எட்டாம் எண் கூண்டு என்றால் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இயற்கைப் பேரிடர் அபாயத்தை வைத்து நாடுகளை வரிசைப்படுத்தும் உலக இடர் குறியீடு பற்றிப் பேச்சு வந்தால், அண்மை ஆண்டுகளாகப் பிலிப்பீன்ஸ் அபாயத்தின் உச்சியில் இருக்கிறது, சிங்கப்பூர் கடைசிச் சில இடங்களில் இருக்கிறது என்பதோடு முடிந்துவிடுகிறது. அந்தக் குறியீடு ஒரு நாட்டுக்கு ஒரே மதிப்பெண்தான் தரும். நாகப்பட்டினத்துக்கும் நாக்பூருக்கும் அதே எண். கடலோரத்தில் உறவினர் இருப்பவர்களுக்கு அதைவிடப் பயன்படுவது, அந்தந்த ஊரின் எச்சரிக்கையைச் சரியாகப் படிக்கத் தெரிவதுதான்.

தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் 'துறைமுகத்தில் 8ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு' என்று செய்தி வரும். 10 இல்லையே என்று பலர் ஆறுதல் அடைகிறார்கள். இது ஆபத்தான பிழை. 8, 9, 10 மூன்றுமே 'பெரும் அபாயம்' என்ற ஒரே நிலையைச் சேர்ந்தவை. தீவிரப் புயல் துறைமுகத்தை இடப்பக்கம் விட்டுக் கடந்தால் 8, வலப்பக்கம் விட்டால் 9, துறைமுகத்தின் மேலோ வெகு அருகிலோ கடந்தால் 10. அதற்குக் கீழ்நிலையான 5, 6, 7க்கும் இதே கணக்குதான். 11 என்றால் புயல் இன்னும் வலுத்துவிட்டது என்று பொருளல்ல. எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். கூண்டு கப்பல்களுக்காக ஏற்றப்படுவது. வீட்டில் இருப்பவர்கள் பார்க்க வேண்டியது இந்திய வானிலைத் துறையின் நிறங்களை: மஞ்சள் என்றால் கவனம், ஆரஞ்சு என்றால் ஆயத்தம், சிவப்பு என்றால் உடனே செயல்.

பிலிப்பீன்ஸில் எண் 1 முதல் 5 வரைதான். அங்கே எண் ஏறினால் காற்றின் வேகமும் ஏறுகிறது, கையில் இருக்கும் நேரமும் சுருங்குகிறது. எண் 1 என்றால் காற்று வந்து சேர 36 மணி நேரம் இருக்கிறது. எண் 3 என்றால் 18 மட்டுமே. பங்ளாதேஷில் 1970 புயலில் லட்சக்கணக்கானோர் மாண்டபின், 1972இல் தொண்டூழியர் அமைப்பு உருவானது. அபாயம் கூடக் கூட ஒன்று, இரண்டு, மூன்று கொடிகள், கையில் ஒலிபெருக்கி, அவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும். அங்கே உயிரிழப்பு வெகுவாகக் குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

புயலுக்கு முந்திய நாளே ஊருக்கு அழைத்துப் பேசுங்கள். கரை கடந்தபின் கைப்பேசிக் கோபுரம் வேலை செய்யும் என்று நம்ப முடியாது. 2018 கஜா புயலுக்குப் பின் காவிரி டெல்டாவில் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மோட்டார் ஓடாததால் குடிநீரும் இல்லை. ஆகவே குடம், தொட்டி எல்லாம் முன்னதாகவே நிரம்பட்டும். ரேஷன் அட்டை, ஆதார், மருந்துச் சீட்டு மூன்றும் பிளாஸ்டிக் உறையில் போகட்டும். புயலின் கண் மேலே வரும்போது காற்று சட்டென்று அடங்கும். அப்போது கூரையைப் பார்க்க வெளியே வரக் கூடாது. சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் மீண்டும் அடிக்கும். தமிழகத்தில் மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டம் 1077, இலங்கையில் 117. இவற்றை அங்கிருப்பவர்தான் அழைக்க வேண்டும்.

இங்கே சிங்கப்பூரில் மாதத்தின் முதல் நாள் நண்பகலில் பொது எச்சரிக்கை ஒலிபெருக்கிகளில் கேட்கும் மணியோசையைப் பலர் கடந்து போகிறோம். 'முக்கியத் தகவல்' சங்கு உண்மையிலேயே ஒலித்தால் உடனே வானொலியையோ தொலைக்காட்சியையோ போட வேண்டும் என்பது பாட்டிக்கும் பணிப்பெண்ணுக்கும் தெரியுமா? 'பாம் ஷெல்டர்' எனும் வீட்டுப் பாதுகாப்பு அறையின் கதவு முழுதாகத் திறக்கிறதா, அரிசி மூட்டையும் பெட்டிகளும் வழியை அடைத்திருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். புயல் செய்தி வெளியிடும் நாள்களில் கூண்டு எண்ணின் பொருளையும் அந்த ஊரின் உதவி எண்ணையும் செய்தியின் அடியில் இரண்டு வரியாகச் சேர்த்து அச்சிடுங்கள். அதைப் படமெடுத்து ஊருக்கு அனுப்ப இங்கே ஆயிரம் கைகள் இருக்கின்றன.

இப்படிக்கு,
வாசகர், உட்லண்ட்ஸ்