ஞாயிறு சந்திப்பு: ஒளித்து வைத்துப் படிக்கும் புத்தகங்கள்

வணக்கம் நண்பர்களே.

பிப்ரவரி 15, ஞாயிறு மாலை 4.30க்கு அரியமான் கடற்கரை சவுக்குத் தோப்பில் கூடுகிறோம். இந்த முறை இலக்கியம் வேண்டாம். தலையணைக்கு அடியில் வைத்துப் படிப்பதைப் பேசுவோம்.

1. ஆளுக்கு ஒரு புத்தகம். பாக்கெட் நாவல், காமிக்ஸ், பேய்க்கதை, காதல் கதை எதுவானாலும் சரி. வார இதழ்த் தொடரைக் கிழித்து பைண்டு செய்து வைத்திருப்பவர்கள் அவசியம் கொண்டு வாருங்கள். ஓவியமும் பக்கத்து விளம்பரமுமாகப் படிக்கும் சுகம் மறுபதிப்பில் இல்லை.
2. ஏன் பிடிக்கும் என்று ஐந்து நிமிடம் பேச வேண்டும். "சும்மா டைம்பாஸ்" என்று நழுவக் கூடாது.
3. கிண்டல் கூடாது. (போன முறை கொஞ்சம் ஓவர்!)
4. கடல் காற்றில் பழைய தாள் பறக்கும். ரப்பர் பேண்டு போடுங்கள்.

வருபவர்கள் வெள்ளிக்குள் புத்தகத்தின் பெயரோடு பதில் போடுங்கள். வெட்கமாக இருந்தால் எனக்குத் தனியாக அனுப்பலாம்.