வீடு அம்மாவுடையது, வாடகை மேஸ்திரிக்கு: தொலைத்தொடர்புத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மத்திய தொலைத்தொடர்புத் துறை அதிகாரிகளுக்கு, வணக்கம்.

போன மாதம் ஒருநாள் ராத்திரி அம்மா ஊரிலிருந்து கூப்பிட்டு, "நான் யார்கிட்டயும் கடன் கேக்கலையேப்பா, ரெண்டு லட்சம் ரெடின்னு வருது" என்றார். அவர் எந்த ஆப்பையும் இறக்கவில்லை. ஒன்பதாயிரம் சொச்சத்துக்கு வாங்கிய போனில் முதல் நாளே உட்கார்ந்திருந்த ஒரு ஆப் அனுப்பிய செய்தி அது. அதோடு இன்னொரு பிரவுசர், இன்னொரு ஆப் கடை, போனின் தோற்றத்தை மாற்றும் தீம் கடை, பூட்டிய திரையிலேயே விளம்பரம் காட்டும் ஒன்று. அழுத்திப் பிடித்தால் சிலவற்றுக்கு 'முடக்கு' மட்டும்தான் வரும். சிலவற்றுக்கு அதுவும் கிடையாது.

ஊருக்குப் போனபோது லேப்டாப்பை எடுத்துப் போனேன். போனில் மறைந்திருக்கும் டெவலப்பர் ஆப்ஷனைத் திறந்து, யூஎஸ்பி டிபக்கிங் போட்டு, லேப்டாப்பிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி என்ற கருவி வழியாக ஒவ்வொரு ஆப்பின் பேக்கேஜ் பெயரையும் (அதன் உள்பெயர்) அடித்து அடித்து நீக்கினேன். நீக்கினேன் என்பதே பாதிப் பொய். அம்மாவின் கணக்கிலிருந்து மட்டும்தான் அவை போயின. போனின் அடிப்படை மென்பொருள் இருக்கும் சிஸ்டம் பார்ட்டிஷனில் அப்படியே இருக்கின்றன, அதனால் 64 ஜிபியில் அந்த இடமும் திரும்பக் கிடைக்கவில்லை. போனை ரீசெட் செய்தால் எல்லாம் மறுபடி வந்துவிடும்.

இந்த ஆப்களால்தான் போன் இவ்வளவு மலிவு என்பார்கள். இருக்கலாம், ஆப் கம்பெனிகள் இதற்குக் காசு கொடுப்பது தெரிந்ததுதான். அதாவது குடித்தனக்காரர் வாடகை தருகிறார், ஆனால் வீட்டுக்காரரான அம்மாவுக்கு அல்ல, வீடு கட்டிக்கொடுத்த மேஸ்திரிக்கு! சரி, அப்படியென்றால் அதைப் பெட்டியிலாவது அச்சடிக்கட்டும்.

இவற்றை நீக்க விடுவது முடியாத காரியம் ஒன்றும் இல்லை. தென் கொரியாவில் போன்களைப் பெரும்பாலும் சிம் கம்பெனிகளே விற்கும், அவற்றின் ஆப்களும் சேர்ந்தே வரும். 2014 ஜனவரியில் அந்நாட்டு அரசு ஒரு வழிகாட்டுதல் போட்டது: வைஃபை, வாடிக்கையாளர் சேவை போன்ற அவசியமான சிலவற்றைத் தவிர மற்றவற்றை வாங்கியவரே நீக்க வழி இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டப்படி 2024 மார்ச் முதல் கூகுள், ஆப்பிள் மாதிரி பெரிய கம்பெனிகளும் இதற்கு இடம் தர வேண்டும்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? 2025 நவம்பர் கடைசியில், 'சஞ்சார் சாத்தி' ஆப்பை எல்லாப் புதுப் போனிலும் போட்டே விற்க வேண்டும், அதன் வசதிகளை முடக்கக் கூடாது என்று உத்தரவு போட்டீர்கள். திருட்டுப் போனைக் கண்டுபிடிக்க உதவும் ஆப்தான், நானே இணையத்தில் அந்தச் சேவையைப் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனாலும் எதிர்ப்பு வந்ததும் டிசம்பர் 3ஆம் தேதி திரும்பப் பெற்றீர்கள், அதற்கு நன்றி. வேண்டுமானால் நீக்கிக்கொள்ளலாம் என்று அமைச்சரே சொன்னார். அதே சலுகையை அந்தக் கடன் ஆப்புக்கும் தீம் கடைக்கும் எதிராக எங்களுக்குக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். டயலர், மெசேஜ், செட்டிங்ஸ் மாதிரி போன் ஓடத் தேவையானவை இருக்கட்டும். மற்ற எல்லாவற்றுக்கும் 'அன்இன்ஸ்டால்' பட்டன், அழுத்தினால் இடமும் திரும்பி வர வேண்டும், ரீசெட் செய்தாலும் அது தலைகாட்டக் கூடாது.

அம்மாவின் போன் இப்போது அடிக்கடி நின்றுவிடுகிறது, ரீசெட் செய்யச் சொல்லிவிட்டார் கடைக்காரர். பொங்கலுக்குப் போகும்போது லேப்டாப்பையும் கேபிளையும் மறக்காமல் எடுத்துப் போக வேண்டும்.

இப்படிக்கு,
ஒன்பதாயிரம் ரூபாய் போன் வைத்திருப்பவரின் மகன்