மேடைக்குப் பின்னால் ஓர் இருக்கை

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டில் நல்ல ஸ்பீக்கர் இருக்கும்போது சிம்பொனி கேட்க எஸ்பிளனேட் கலை அரங்கம் வரை மெனக்கெட்டுப் போவானேன் என்று வாசகர் ஒருவர் இந்தப் பகுதியில் கேட்டிருந்தார். நான் வேலை நேரம் போக, சமூக மன்றக் குழு ஒன்றில் இரண்டாம் வயலின் வாசிப்பவன். தாளம் தவறினால் பக்கத்தில் இருப்பவரின் வில்லைப் பார்த்துச் சேர்ந்துகொள்ளும் ரகம். அந்த உரிமையில் அவருக்கு ஒரு பதில்.

அண்மையில் சிங்கப்பூர் சிம்பொனி இசைக்குழு செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக்கின் 9ஆம் சிம்பொனியை வாசித்தது. 1893 டிசம்பரில் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் முதன்முதலாக ஒலித்த படைப்பு. பதிவில் எத்தனையோ தடவை கேட்டதுதான். இம்முறை மேடைக்குப் பின்னால், பாடகர் குழு உட்காரும் பகுதியில் டிக்கெட் எடுத்தேன். விலை குறைவு, வேறு காரணமில்லை.

அங்கே ஒலி சமமாக வந்து சேராது, ஒப்புக்கொள்கிறேன். வயலின்கள் எங்கோ தூரத்தில் கேட்கின்றன. ஹார்ன் என்ற சுருண்ட பித்தளைக் குழலின் வாய் பின்பக்கம் பார்த்தது என்பதால் அது நேரே நம் மேல் வந்து விழுகிறது. நான்காம் பகுதியில் ஹார்ன்களும் டிரம்பெட்களும் சேர்ந்து முழங்கியபோது நெஞ்செலும்பு அதிர்ந்தது. எந்த ஸ்பீக்கர் ஐயா இதைச் செய்யும்?

ஆனால் அங்கிருந்து இசை நடத்துனரின் முகம் தெரியும். அதற்காகவே இரண்டு மடங்கு விலை கொடுக்கலாம். முன்னால் இருப்பவர்களுக்கு அவர் முதுகும் கைவீச்சும்தான். எங்களுக்கோ, செல்லோக்களைப் பார்த்து அவர் லேசாகப் புருவத்தை உயர்த்துவதும், மறுகணமே அவர்களின் ஒலி அடங்குவதும் தெரிந்தது. எங்கள் பயிற்சியாளர் தொண்டை வறளக் கத்தியும் எங்களிடம் வராத அடக்கம் அது.

இரண்டாம் பகுதியில் இங்கிலிஷ் ஹார்ன் (பெயர்தான் ஹார்ன், இது ஓபோ வகை மரக்குழல்) பாடும் மெட்டு எல்லோருக்கும் தெரியும். வாசிப்பவன் பயப்படுவது அதற்கு அல்ல. அந்தப் பகுதியின் கடைசியில் தந்தி வாத்தியங்களில் ஒரு சிலர் மட்டும் அதே மெட்டை எடுப்பார்கள். நடுநடுவே அது நின்றுவிடும், சுத்த மௌனம். எங்கள் குழுவில் அந்த இடத்தில் யாராவது ஒருவர் முந்திவிடுவார், பெரும்பாலும் என் வரிசையில்தான். இங்கே யாரும் எண்ணிக்கொண்டிருந்ததாகத் தெரியவில்லை. முதல் வயலின்காரர் மூச்சை உள்ளே இழுத்தார், அத்தனை வில்லும் ஒரே சமயத்தில் தந்தியைத் தொட்டன. பதிவில் அந்த மூச்சைப் பார்க்க முடியாது. அன்று கற்றுக்கொண்டதை அடுத்த ஒத்திகையில் செய்து பார்த்தோம், முன்பைவிடப் பரவாயில்லை.

அப்புறம் ட்யூபா என்ற பெரிய பித்தளைக் குழலை ஊதுபவர். நாற்பது நிமிடம் ஓடும் சிம்பொனியில் அவருக்கு வேலை இரண்டாம் பகுதியில் மட்டும், அதிலும் சில சுரங்கள்தான். பெரிய ஜால்ரா போன்ற சிம்பலுக்கு மொத்தமே ஒரு தட்டு, நான்காம் பகுதியில், அதுவும் ஓங்கி அல்ல. அந்த ஒரு தட்டுக்காக சிம்பல்காரர் எழுந்து தயாராக நின்றதைப் பார்த்து எனக்குத்தான் கை வேர்த்தது.

முதல் பகுதி முடிந்ததும் சிலர் கைதட்ட, சிம்பொனி முழுதும் முடியும்வரை பொறுக்க வேண்டாமா என்பதுபோல் சிலர் திரும்பி முறைத்தார்கள். முறைத்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு நல்ல சங்கதிக்கு நடுக்கச்சேரியில் ‘பலே’ சொல்லிப் பழகிய நமக்கு இதெல்லாம் ஒரு குற்றமா?

இந்தியக் கலை விழாவான கலா உத்சவத்துக்கு இதே எஸ்பிளனேடுக்குத் திரண்டு வரும் நம்மவர்களை அன்று விரல்விட்டு எண்ணிவிடலாம். நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் பள்ளி இசைக்குழுக்களில் கிளாரினெட்டும் டிராம்போனும் ஊதுகிறார்கள். இணைப்பாட நடவடிக்கைக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவரும் பெற்றோர், ஒரு தடவையாவது அவர்களை இந்தப் பின்னிருக்கையில் உட்கார வையுங்கள். செலவு யோசனை என்றால், பூமலை தாவரவியல் பூங்காவின் சிம்பொனி ஏரி மேடையில் இதே இசைக்குழு இலவசமாகவும் வாசிப்பதுண்டு. பாயும் சாப்பாடும் எடுத்துக்கொண்டு போகலாம்.

ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். வார இறுதி நிகழ்ச்சிப் பட்டியலில் நம் சங்கீத சபைக் கச்சேரிகளோடு இவற்றுக்கும் இரண்டு வரி ஒதுக்குங்கள். பின்னிருக்கை டிக்கெட் உண்டா என்பதையும் சேர்த்துப் போட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
தோ பாயோ வாசகர்