வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

"முப்பது வருடத்துக்கு மேலாக நோர்வேயில் இருக்கிறோம், நோர்வேக்காரர் எழுதியதை எப்போது வாசிக்கப் போகிறோம்?" என்று கடந்த பொதுக்கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுப்பிய கேள்வியை ஏற்று, இவ்வாண்டு முழுவதையும் நோர்வே நாவல்களுக்கென ஒதுக்கினோம். ஒஸ்லோவில் மாதந்தோறும் கூடி மூன்று நாவல்களை வாசித்து முடித்தோம். யூலையில் மட்டும் கூட்டம் நடைபெறவில்லை. பாதிப் பேர் ஊருக்குப் போயிருந்தார்கள், மீதிப் பேர் வெயிலை விட்டு உள்ளே வர மறுத்துவிட்டார்கள்.

முதலில் எடுத்துக்கொண்டது, 1917இல் வெளிவந்ததும் க.நா.சு. ஆங்கில வழியாகத் தமிழுக்குக் கொண்டுவந்ததுமான நூட் ஹாம்சுனின் "நிலவளம்". அதை யாழ்ப்பாணத்திலேயே வாசித்திருந்த ஓர் உறுப்பினர், கதைநாயகன் ஈசாக் காடு வெட்டிக் கமம் செய்ததை அன்று வன்னியில் குடியேறியவர்களோடு சேர்த்தே நினைத்ததாகவும், அந்த மண் வருடத்தில் பல மாதம் பனிக்கடியில் கிடப்பது என்பது தன் கணக்கில் வரவே இல்லை என்று இப்போது நோர்வே மொழியில் வாசிக்கும்போதுதான் உணர்ந்ததாகவும் கூறினார். பெண் உறுப்பினர்களின் பேச்சு முழுவதும் ஈசாக்கின் மனைவி இங்கரைச் சுற்றியே இருந்தது. பிளந்த உதட்டோடு பிறந்து அதற்காக ஏளனப்பட்டவள், அதே குறையோடு பிறந்த தன் பெண்குழந்தையைக் கொன்றுவிடுகிறாள். ட்ரொன்ஹைம் சிறையிலோ அவளுடைய உதடு சத்திரசிகிச்சையால் சீராக்கப்படுகிறது. அந்தச் சிகிச்சைக்கு ஒரு பெண் சிறைக்குப் போகவேண்டியிருந்ததா என்ற கேள்விக்கு ஆண்கள் தரப்பில் பதில் வரவில்லை.

வட நோர்வேயின் பழங்குடிகளான சாமி மக்களை இரந்து திரிபவர்களாகவும் நம்பத்தகாதவர்களாகவும் நாவல் காட்டுவதை இங்கே பிறந்து வளர்ந்த உறுப்பினர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். 1920இல் நோபல் பரிசு பெற்ற ஹாம்சுன், 1945 மே 7 அன்று ஹிட்லருக்கு அஞ்சலிக் குறிப்பு எழுதியவர் என்பதும் எழுந்தபின், இந்த நூலைத் தெரிவு செய்ததே சரியா என்ற வாதம் அடுத்த மாதக் கூட்டத்திலும் தொடர்ந்தது. தீர்மானம் எதுவும் எட்டப்படவில்லை. எழுத்தையும் எழுதியவரையும் பிரித்துப் பார்க்கலாமா என்று நம்மவர்கள் சண்டையிடுவது புதிதல்ல என்பதால் செயலாளராகிய நான் குறுக்கிடவில்லை.

இரண்டாவது, தார்யே வேசாஸ் 1963இல் எழுதி, மறுவருடம் நோர்டிக் கவுன்சில் இலக்கியப் பரிசு பெற்ற பனி அரண்மனைக் கதை. இது நோர்வே மொழியின் இரண்டு எழுத்து வடிவங்களில் ஒன்றான நீநோர்ஸ்கில் எழுதப்பட்டது. வகுப்புகளில் மற்ற வடிவமான பூக்மோல் மட்டும் படித்த மூத்தவர்கள் முதல் அத்தியாயத்திலேயே தடுக்கி நின்றபோது, பள்ளியில் நீநோர்ஸ்க் பாடத்தைத் திட்டிக்கொண்டே படித்த பிள்ளைகள் வாய்விட்டு வாசித்துப் பொருள் சொன்னார்கள். பதினொரு வயதுச் சிறுமியர் இருவர் ஒரு மாலைப்பொழுதை ஓர் அறையில் கழிக்கிறார்கள். ஒருத்தி சொல்ல நினைத்ததைச் சொல்லாமலே மறுநாள் அருவி உறைந்து உண்டான பனி மாளிகைக்குள் போய் இறந்துவிடுகிறாள். "வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னால் என்ன?" என்று மூத்தவர் ஒருவர் பொறுமையிழந்தார். அதற்கு, பாடசாலையொன்றில் துப்புரவுப் பணி செய்த அம்மா ஒருவர், பத்து வருடம் தன்னோடு கோப்பி குடித்த சக பணியாளர் ஓய்வுபெறும் நாளில்தான் தன் மகன் இறந்துபோனதைச் சொன்னார் என்றும், அதுவரை அந்த மௌனத்தைத் தலைக்கனம் என்றே எண்ணியிருந்ததாகவும் சொன்னார். அதன்பின் நூலைப் பற்றி அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவதாக வாசித்த, ரோய் யாக்கொப்சன் 2013இல் வெளியிட்ட நாவல், வட நோர்வேக் கரைக்கப்பால் ஒரேயொரு குடும்பம் வாழும் சிறு தீவைப் பற்றியது. வட்டத்தில் மிகக் கூடுதலானோர் முழுமையாக வாசித்து வந்த நூல் இதுவே. நெடுந்தீவைச் சேர்ந்த உறுப்பினர், கடல் கொந்தளித்தால் குறிகட்டுவான் துறையில் படகுக்காகக் காத்துக் கிடந்த நாட்களை நினைவுகூர்ந்து, தீவில் பிறந்தவருக்குக் கடல் வழியும்தான் வேலியும்தான் என்பதை இந்த எழுத்தாளர் அறிந்திருக்கிறார் என்றார். எண்பதுகளின் இறுதியில் வட நோர்வேயின் பின்மார்க்கில் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்த இருவர், தீவின் ஆண்கள் குளிர்காலத்தில் லொஃபொத்தன் தீவுகளுக்கு மீன்பிடிக்கப் போகும் பகுதியை வாசித்துக்கொண்டே, எந்த மீனை எப்படிப் பிளப்பது என்று கைகளால் செய்து காட்டினார்கள். மொழி சரளமாக வராத இவர்களே இந்நூலின் மிக நெருக்கமான வாசகர்களாக இருந்தார்கள் என்பது என் கணிப்பு. சொற்கள் எல்லாம் தெரிந்த இளையவர்கள், அகராதியில் இல்லாத பலவற்றை அன்று இவர்களிடம் கேட்டறிந்தார்கள்.

வரும் ஆண்டுக்கு, 1920 முதல் 1922 வரை மூன்று பாகங்களாக வெளிவந்த சிக்ரிட் உண்ட்செட்டின் "கிறிஸ்தீன் லாவ்ரான்ஸ்தாத்தர்" நாவல் முன்மொழியப்பட்டுள்ளது. அதன் நீளத்தைக் கண்டு சிலர் தயங்குவதால், முதற்பாகத்தோடு நிறுத்துவதா என்பதை இக்கூட்டமே தீர்மானிக்க வேண்டும். கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையோரைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்