ஆய்வகக் கணினியில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் விலையுயர்ந்த கருவிகள் பயன்படாமல் கிடப்பது குறித்துப் பலரும் வருந்துகிறார்கள். மின்னணுவியல் ஆய்வகம் ஒன்றில் பணிபுரிபவன் என்ற முறையில், அதற்கு நான் காணும் காரணம் ஒன்றையும், காசு செலவில்லாத அதன் தீர்வையும் தங்கள் நாளிதழ் வழியாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

இப்போது வாங்கப்படும் ஆசிலோஸ்கோப், மல்டிமீட்டர், பவர் சப்ளை பலவற்றின் பின்புறம், கணினியிலிருந்து இயக்குவதற்கான நெட்வொர்க் கேபிளைச் செருகும் லேன் போர்ட் இருக்கிறது. கல்லூரி நெட்வொர்க்குக்கு ஒரு கார்டு, கருவிகளுக்குத் தனியாக ஒரு கார்டு என்று கணினியில் இரண்டைப் பொருத்துவது நல்ல ஏற்பாடு. கருவிகளில் பல, 5025 என்ற போர்ட் எண்ணுக்கு (இது கேபிள் செருகும் துளை அல்ல, கட்டளை வந்து சேரும் மென்பொருள் வாசல்) வரும் கட்டளையை அனுப்பியவர் யாரென்று கேட்காமலே நிறைவேற்றுபவை. அவற்றைக் கல்லூரி நெட்வொர்க்கில் நேரடியாக விட்டால், வேறொரு கட்டடத்தில் இருப்பவர்கூடப் பவர் சப்ளையின் வோல்டேஜை மாற்றிவிடலாம்.

சிக்கல், நெட்வொர்க்கில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் ஐ.பி. முகவரியைக் கொடுப்பதில்தான் தொடங்குகிறது. கல்லூரி நெட்வொர்க் 192.168.1 என்று தொடங்கும் எண்களில் இயங்கும்போது, கருவிக்கும் 192.168.1.50 என்றே கொடுத்துவிடுகிறார்கள். முகவரியில் எந்தப் பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று சொல்லும் சப்நெட் மாஸ்க் இரு பக்கமும் 255.255.255.0; அதாவது, முதல் மூன்று எண்கள் ஒன்றாக இருந்தால் ஒரே நெட்வொர்க் என்று கணினி கொள்ளும். அந்த முகவரிக்கு இரண்டு கார்டுகளும் வழி சொல்லும் நிலையில், விண்டோஸ், எந்த வழிக்கு முன்னுரிமை என்று காட்டும் மெட்ரிக் எண் குறைந்த கார்டைத் தேர்ந்தெடுக்கிறது. நாமாக மாற்றாதவரை, வேகம் கூடிய இணைப்புக்கே அந்த எண் குறைவாக இருக்கும். கருவியின் போர்ட் 100 மெகாபிட்டாகவும் கல்லூரி இணைப்பு ஒரு கிகாபிட்டாகவும் இருந்தால், கட்டளை கல்லூரிப் பக்கம் போய்க் கேட்பாரற்றுத் தொலைகிறது. போர்ட்டில் பச்சை விளக்கு எரியும், கேபிளும் சரியாக இருக்கும், கருவி பதில் தருகிறதா என்று பார்க்கும் ‘பிங்’ சோதனை மட்டும் போகாது. உடனே ‘லேன் போர்ட் பழுது’ என்று பதிவேட்டில் ஏறிவிடும். அப்படி ஓரங்கட்டப்பட்ட ஓர் ஆசிலோஸ்கோப், கார்டுக்கு 192.168.50.1, கருவிக்கு 192.168.50.2 என்று எண்ணை மாற்றியதுமே தன் மாடலையும் வரிசை எண்ணையும் திரையில் சொன்னதைக் கண்டிருக்கிறேன்.

அடுத்தது கேட்வே, அதாவது வெளி நெட்வொர்க்குகளுக்குச் செல்லும் வாயிலின் முகவரி. கருவிப் பக்கத்துக் கார்டில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட வேண்டும். படிவத்தில் இடம் இருக்கிறதே என்று அங்கும் ஓர் எண்ணை நிரப்பினால், வெளியே செல்ல வழியே இல்லாத நெட்வொர்க்குக்குள் இணையப் போக்குவரத்து போய் முட்டி நிற்கக்கூடும். பழி இணைய நிறுவனத்தின் மேல் விழும். இரண்டு கார்டுகளையும் ‘பிரிட்ஜ்’ செய்து, இரு பக்கத்தையும் ஒரே நெட்வொர்க்காக இணைத்துவிடச் சொல்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் தனிக் கார்டு போட்டதே வீண்.

கருவியைத் தானாகத் தேடும் மென்பொருளையும் முழுதாக நம்ப வேண்டாம். அது எல்லோருக்குமாக அனுப்பும் கேள்வி பல வேளைகளில் ஒரு கார்டு வழியாகவே வெளியேறுகிறது. வை-பை கார்டும், விபிஎன், விர்ச்சுவல் மெஷின் போன்ற மென்பொருள்கள் உருவாக்கும் கற்பனைக் கார்டுகளும் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. பட்டியலில் பெயர் வராவிட்டால், ஐ.பி. முகவரியை நேரடியாக உள்ளிட்டுப் பார்த்த பிறகே கருவியைப் பற்றி முடிவு செய்ய வேண்டும்.

ஆகவே, கருவி வாங்கும் கல்லூரிகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். நிறுவ வரும் பொறியாளர் தம் மடிக்கணினியில் இயக்கிக் காட்டியதும் கையெழுத்திட்டு அனுப்பிவிடாமல், ஆய்வகக் கணினியில், இரண்டு கார்டுகளும் இணைப்பில் இருக்கும்போது இயக்கிக் காட்டச் சொல்ல வேண்டும். கொடுத்த முகவரிகளைக் கருவியின் மேலேயே ஒட்டிவைக்கவும் வேண்டும்.

இப்படிக்கு,
ஆய்வகப் பணியாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.