அந்தப் பத்துப் பேர்

மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள் என்ற பகுதியை அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை, நீ வந்து வருஷக்கணக்காகிறது என்று திட்டிக்கொண்டே இருக்கிறாள்.

மதுரையில் எங்கள் வார்டு கமிட்டி விஷயம், கவுன்சிலரோடு சேர்ந்து வார்டுக் காரியங்களைப் பேச ஆள் போடுகிறார்களே, அது. "ரிட்டயர்டு இன்ஜினீயர், பேங்க் மேனேஜர் என்று விவரம் தெரிந்தவர்களைப் போடச் சொல்" என்று எழுதியிருந்தாய். எனக்கு அது ஒத்துவரவில்லை. எங்கள் பகுதியில் ஓய்வுபெற்றவர்கள் கூடினால் பூங்காவில் நடைபாதையும் தெருமுனையில் கேமராவும் கேட்பார்கள். கேட்கட்டும், தப்பில்லை. ஆனால் 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததே, அப்போது பந்தல்குடி வாய்க்கால் எந்த இடத்தில் அடைத்துக்கொண்டது என்று கரையோரம் குடியிருப்பவர்களைக் கேட்டால் விரலை நீட்டிக் காட்டுவார்கள். வரைபடம் படிக்கத் தெரிந்தவர் மாநகராட்சியிலேயே இருக்கிறார். கமிட்டிக்கு வேண்டியது அந்தக் கரையோரத்து ஆள்.

ஆனால் யார் வேண்டும் என்பதைவிட, யார் பொறுக்குகிறார்கள் என்பதுதான் சிக்கல். நகராட்சிகளுக்கு அதிகாரம் கொடுக்கச் சொன்ன 74-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993-லேயே நடைமுறைக்கு வந்தது. வார்டுக்கு ஒரு கமிட்டி, அதற்குக் கீழே ஏரியா சபைகள் என்று நம் மாநிலத்தில் விதி வந்ததோ 2022-ல். பத்து லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை உள்ள மாநகராட்சியில் ஒரு வார்டைப் பத்து ஏரியாவாகப் பிரிக்க வேண்டும், ஏரியாவுக்கு ஒரு பிரதிநிதி, அந்தப் பத்துப் பேரும் கவுன்சிலரும் சேர்ந்ததுதான் கமிட்டி. மதுரையில் 100 வார்டு, ஆக ஆயிரம் பேர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பெயர் கொடுப்பது கவுன்சிலர், நியமிப்பது கவுன்சிலர்கள் எல்லோரும் கூடும் மாமன்றம், கமிட்டிக்குத் தலைவரும் அதே கவுன்சிலர். அப்புறம் என்ன, பூத்தில் ஏஜெண்டாக உட்கார்ந்தவர், பேனர் கட்டியவர், அவருடைய மச்சினர். கவுன்சிலரைக் கேள்வி கேட்க வேண்டிய ஆளைக் கவுன்சிலரே தேடிப் பிடிப்பது, மாப்பிள்ளை வீட்டாரே பெண்ணுக்கும் சாட்சி சொல்வது மாதிரி.

இன்னொன்று. அந்த ஏரியாவின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால்தான் சபையில் இடம். எங்கள் தெருவில் பாதிப் பேர் வாடகைக்கு இருப்பவர்கள், ஓட்டு சிவகங்கைப் பக்கமும் தேனிப் பக்கமும் கிடக்கிறது. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்பது அவர்கள்தான், ஆனால் கணக்கில் வரமாட்டார்கள்.

நீ உத்திரமேரூர் குடவோலையை இழுத்திருந்தாய். எல்லோரும் இழுப்பதுதான். பானையையும் ஓலையையும் பேசுகிறோம், யாரையெல்லாம் ஓலையில் எழுதக் கூடாது என்று பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு நீளமாகச் சொல்வதை விட்டுவிடுகிறோம். வாரியத்தில், அதாவது அந்தக் காலத்துக் கமிட்டியில், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் வரக் கூடாது, அவனுடைய மாமன் மருமகன் வரைக்கும் வரக் கூடாது, கடந்த மூன்று வருஷத்துக்குள் பதவியில் இருந்தவனும் கூடாது. சொந்த நிலம் உள்ள, வேதம் தெரிந்தவர்களுக்கு மட்டுமான ஏற்பாடு அது, அதைக் கொண்டாட நான் தயாரில்லை. இந்த விலக்குப் பட்டியலை மட்டும் கடன் வாங்கலாம் என்கிறேன்.

தெருவில் நான் சொல்லிவருவது இவ்வளவுதான். மாநகராட்சியில் கான்ட்ராக்ட் எடுப்பவர், அவருடைய நெருங்கிய சொந்தம், கட்சிப் பொறுப்பில் இருப்பவர், இவர்களைக் கழித்துவிடுவோம். விருப்பமுள்ள மற்றவர்கள் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்குவோம், பாதிச் சீட்டு பெண்களுக்கு. வருகிற பெயரைக் கவுன்சிலரிடம் கொடுத்து "இவரைச் சிபாரிசு செய்யுங்கள்" என்று கேட்போம். விதி இதைத் தடுக்கவில்லை. கவுன்சிலர் சிரித்தார், முடியாது என்று சொல்லவில்லை. டீக்கடைக்காரர்தான் "அப்ப என் பேரு வந்துட்டா கடையை யாரு பாக்குறது?" என்றார். நியாயமான கேள்வி. காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் பென்ஷன்காரர்தான் வருவார். ராத்திரி எட்டு மணிக்கு வைக்கச் சொல்லி மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் சென்னைக்கும் இதே விதிதான். உன் வார்டிலும் பத்துப் பேர் இருக்க வேண்டும். அவர்கள் யார் யார், எப்படி வந்தார்கள் என்று விசாரித்து எழுது. பெயர்ப் பட்டியலை மண்டல அலுவலகத்தில் கேட்டுப் பார், தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்.

சித்திரைத் திருவிழாவுக்காவது குடும்பத்தோடு வந்து சேர். அம்மாவின் திட்டை நேரில் வாங்கிக்கொள்.

உன்,
பங்காளி